டெம்பிள் துரையின் ஒரு ராத்தல்

வெள்ளைக்கார அதிகாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் ஊரில் அது சீக்கிரமே இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடும். ஒரு வரிசையில் நல்ல துரைமார்கள். தேனிப் பக்கம் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பொறியாளர்தான், ஆனாலும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். மன்றோவைப் பற்றி இன்றும் மரியாதையோடு பேசுபவர்கள் உண்டு. சென்னையில் கிணறு வெட்டிய எல்லிஸ், திருவள்ளுவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் கூடவே வந்துவிடுவார். இன்னொரு வரிசையில் மணியாச்சியில் சுடப்பட்ட ஆஷ், கட்டபொம்மனை அலைக்கழித்த ஜாக்சன். இரண்டு வரிசையிலும் நிறுத்த முடியாத ஒருவர் சில வருடங்களாக என் மனதில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறார். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பல லட்சம் பேருக்குச் சோறு கிடைக்கச் செய்தவர் இவர். 1877-ல் சென்னை மாகாணத்தில், தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று குறைத்தவரும் இவர்தான். இரண்டுக்கும் இடையில் மூன்றே வருடம். அதே மனிதர், அதே சர்வீஸ், அதே கையெழுத்து. கொடூரமான அதிகாரி ஒருவர் கொடூரமாக நடந்துகொண்டார் என்றால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பசித்தவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தக் காலத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்த ஒருவர் அதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

பீகாருக்கு முன்

டெம்பிள் 1826-ல் இங்கிலாந்தின் வூஸ்டர் பக்கத்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, இருபது வயதுவாக்கில் வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்தார். பஞ்சாபில் ஜான் லாரன்ஸிடம் வேலை கற்றுக்கொண்டார். பிறகு நாக்பூரைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்தின் தலைமை ஆணையர், நிஜாமின் ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட், 1868 முதல் வைஸ்ராய் கவுன்சிலில் நிதி உறுப்பினர் என்று ஏணியில் ஒரு படியும் தவறாமல் ஏறினார். அலுக்காத உழைப்பாளி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீள நீளமாக அறிக்கை எழுதுவார், குதிரையில் ஓயாமல் சுற்றுவார், போகிற இடத்தையெல்லாம் படம் வரைவார்.

இந்த வரலாற்றில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். 1857-க்குப் பிறகு காலியாகிக் கிடந்த கஜானாவைச் சரி செய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவர் வந்தார். 1860-ல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் டெம்பிள். அந்த வில்சன்தான் எக்கனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர்.

பீகாரில் நடந்தது

1866-ல் ஒரிசாவில் வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அரசாங்கம் தானியம் வரவழைக்க யோசித்து முடிவதற்குள் மழைக்காலம் வந்து துறைமுகங்கள் அடைபட்டுப்போயின. அந்த அவமானம் மேலிடத்தில் கொஞ்ச காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் 1873-ல் பீகாரில் நெல் பொய்த்தபோது வைஸ்ராய் நார்த்புரூக் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. தானிய ஏற்றுமதியைத் தடை செய்ய அவர் சம்மதிக்கவில்லை, அது உண்மை. ஆனால் அரசாங்கமே தானியம் வாங்கும் என்று முடிவெடுத்தார். மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டவர் டெம்பிள். 1874 ஏப்ரலில் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் பதவியும் அவருக்கு வந்தது.

அவர் செய்த வேலையின் அளவை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது. கப்பலில் வந்த அரிசி கங்கைக் கரை வரைக்கும் வந்துவிடும், அதற்கு வடக்கே திருஹட் பகுதிக்குப் போக நல்ல வழி கிடையாது. ஆயிரக்கணக்கில் மாட்டு வண்டிகள் ஏற்பாடாயின. கங்கைக் கரையிலிருந்து தர்பங்காவுக்கு அவசர அவசரமாக ஒரு ரயில் பாதையே போட்டார்கள். வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலை, முடியாதவர்களுக்கு ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து இலவச தானியம். இவன் உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதிப்பதற்கான கெடுபிடிகள் பெரிதாக இல்லை. பஞ்சம் முடிந்தபோது அரசாங்கக் கணக்கில் பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன் அரிசி மிச்சம்.

அந்த மிச்சம்தான் வினையாயிற்று. ஆறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இவ்வளவு தேவையே இல்லை, பஞ்சம் அவ்வளவு மோசமில்லை, அதனால்தான் யாரும் சாகவில்லை என்று விமர்சனம் கிளம்பியது. யாரும் சாகாததையே, காப்பாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்று இந்தியர்கள் நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று எக்கனாமிஸ்ட் எழுதியது. டெம்பிளின் பழைய எஜமானர் தொடங்கிய அதே பத்திரிகை. 1876-ல் அவருக்கு பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் ஊதாரி என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது. புதிதாக வைஸ்ராயாக வந்த லிட்டன், பீகாரில் நடந்ததை இனி ஒருக்காலும் நடக்கக் கூடாத காரியமாகத்தான் பார்த்தார்.

முந்தாநாள் கொடுத்தவர்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பொருட்கள் கொடுத்தார்கள். நானும் கூடமாட நின்றேன். அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி ஆரம்பத்தில் கேள்வியே கேட்கவில்லை. நனைந்த துணியோடு யார் வந்தாலும் அரிசி, போர்வை, பால் பவுடர். ராத்திரி பதினோரு மணிக்கும் நின்றுகொண்டிருப்பார், சாப்பிட்டாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. அப்புறம் மேலேயிருந்து ஒரு போன். கொடுத்த சாமானும் கார்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் அதே மேஜை, அதே மனிதர். உள்ளூர் ரேஷன் கார்டு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, கூரையும் பாத்திரமும் தண்ணீரோடு போன குடும்பங்கள்தான் அதில் அதிகம். ஒரு அம்மா கோபமே இல்லாமல் கேட்டார்: “சார், முந்தாநாள் நீங்கதானே குடுத்தீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. அவரை அன்று எனக்கு வெறுக்கத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. சிறிய பதவி, மூன்று பிள்ளைகள், மேலிடத்துக் கோபம். ஆனால் அந்த அம்மாவின் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. டெம்பிளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் காதில் விழுகிறது.

டெல்லியிலிருந்து சென்னைக்கு

1876-ல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பா, வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், கோயம்புத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாகக் காய்ந்தது. தாது வருஷம் என்று நம் பாட்டிமார்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகன் ஒரிசாவையும் பீகாரையும் மனதில் வைத்துத்தான் நடந்துகொண்டார் என்று தோன்றுகிறது. ஆண்டுக் கடைசியில் சென்னை அரசாங்கம் சத்தமில்லாமல் முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியது. இது தெரிந்ததும் லிட்டனுக்குக் கோபம். அரசாங்கம் தானியச் சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. விலை ஏறினால் வியாபாரிகள் தானாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்பது அதன் தர்க்கம். வியாபாரிகள் கொண்டுவரத்தான் செய்தார்கள். ரயில் போகிற ஊருக்கெல்லாம் தானியம் போனது. வாங்கக் காசில்லாதவன் வீட்டுக்கு ரயில் போகாது என்பதுதான் அந்தத் தர்க்கத்தில் விட்டுப்போன பகுதி.

1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார். மாகாண ஆளுநர்கள் பஞ்சத்தை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டியிருந்தது. அதே நாட்களில் அங்கேயே பஞ்ச ஆலோசனையும் நடந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் தனிப் பிரதிநிதி ஒருவரை அனுப்பலாம், செலவைக் கட்டுக்குள் கொண்டுவர அவர் வழி சொல்லட்டும் என்று தீர்மானித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் டெம்பிள்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். லிட்டன் ஏன் டெம்பிளை அனுப்பினார்? கஞ்சத்தனத்துக்குப் பேர்போன வேறு ஒருவரை அனுப்பியிருக்கலாமே? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பழைய ஊதாரிப் பட்டத்தைத் துடைத்துக்கொள்ளத் துடிக்கிற மனிதரைவிடக் கண்டிப்பாகச் சிக்கனம் பிடிக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. பீகாருக்குச் சோறு போட்ட மனிதரே வந்து “ஒரு ராத்தல் போதும்” என்று சொன்னால், இரக்கமில்லாதவர் என்று அவரை யாரால் எளிதில் ஒதுக்கிவிட முடியும்? பீகாரில் அவர் சம்பாதித்த நல்ல பெயரைத்தான் சென்னையில் செலவழித்தார்கள். அதைச் செலவழிக்க அவரும் சம்மதித்தார்.

டெம்பிள் மின்னல் வேகத்தில் மாவட்டங்களைச் சுற்றினார். நிவாரண வேலைகளில் இருந்தவர்கள் பலர் அவ்வளவு ஒன்றும் மெலிந்திருக்கவில்லை, தேவையில்லாதவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். லட்சக்கணக்கானவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேலை வேண்டுமென்றால் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்குப் போக வேண்டும் என்ற விதி வந்தது. பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா என்று நாம் கேட்போமே, அந்தக் கேள்வியை நடக்க வைத்துப் பார்த்தார்கள். பத்து மைல் நடக்கத் தெம்புள்ளவனுக்கு உதவி, தெம்பில்லாதவனுக்கு இல்லை. பசி முற்றியவர்களைச் சரியாகக் கழித்துக் கட்டுகிற சோதனை அது.

கூலி ஒரு ராத்தல் தானியம், அதோடு சிறு காசு. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. அந்த ஒரு ராத்தலை அரிசியாக வைத்துக்கொண்டால் 1,600 கலோரிக்குப் பக்கம் வரும். நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டி, கல் உடைத்து, கூடை சுமக்கிற உடம்புக்கு இது எந்த மூலைக்கு? ‘டெம்பிள் கூலி’ என்ற பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. பீகாரில் செய்ததற்கு அவர் பெயரில் எதுவும் நிலைக்கவில்லை.

“அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?”

இந்தக் கதையைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது: அந்தக் காலத்தில் கலோரிக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும், இன்றைய அளவுகோலால் அவரை அளக்கலாமா? அந்தக் காலத்திலேயே தெரியும் என்பதுதான் பதில். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் உடனே எதிர்த்து எழுதினார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இந்த மாகாணத்தில் முன்னின்று நடத்தியவர் அவர். மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று காகிதத்தில் மட்டும் பார்த்தவர் இல்லை. ஒன்றரை ராத்தல் தானியம், கூடவே பருப்பு, காய்கறி, இதற்குக் குறைந்தால் உழைக்கிற உடம்பு தாங்காது என்று அவர் வாதாடினார். சென்னைச் சிறைகளில் கடும் உழைப்புக் கைதிகளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடைப்பதையும் எடுத்துக்காட்டினார். டெம்பிள் அசையவில்லை. கூலிக்காரர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றே பதில் சொன்னார்.

பம்பாய் மாகாணத்தில் மக்களே பதில் சொன்னார்கள். லட்சம் பேருக்கு மேல் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். பசித்தவர்களின் வேலைநிறுத்தம். பூனாவின் சர்வஜனிக் சபை என்ற பொதுமக்கள் அமைப்பு ஆட்களை அனுப்பி, முகாம்களில் நடப்பதை எழுதி வாங்கி, அரசாங்கத்துக்கு மனு மேல் மனு போட்டது. ஆக, மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. மாகாண ஆளுநருக்குத் தெரிந்திருந்தது. பூனா சபைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. கூலி வாங்கியவர்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாதவர் என்று டெம்பிளை எப்படிச் சொல்வது? பீகாரில் எவ்வளவு கொடுத்தால் ஆள் பிழைப்பான் என்று செய்தே பார்த்தவர் அவர்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. டெம்பிள் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லிட்டன் இன்னொருவரை அனுப்பியிருப்பார், அவ்வளவுதானே? இயந்திரம் அப்படி ஓடும்போது ஒரு பல்லை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இதைச் சொன்னவர் வருவாய்த் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா. அவர் சொன்னதால் நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. மேலிடத்து உத்தரவுக்கும் வாசலில் நிற்கிற கூட்டத்துக்கும் நடுவில் உட்காருவது எப்படிப்பட்ட வேலை என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனாலும் பள்ளிக்கூடத்து மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரியையும் டெம்பிளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டெம்பிள் அப்போது ஏறக்குறைய முப்பது வருட சர்வீஸ் முடித்தவர். நிதி உறுப்பினராக இருந்தவர், வங்காளத்தையே ஆண்டவர், பட்டம் வாங்கியவர். மறுத்திருந்தால் அவருக்குப் போகக்கூடியது அடுத்த பதவி மட்டும்தான். அந்த அடுத்த பதவி சீக்கிரமே வந்தது. 1877 ஏப்ரல் கடைசியில் அவர் பம்பாய் ஆளுநர் ஆனார்.

அப்புறம், அவர் மறுத்திருந்தால் வேறொருவர் வந்திருப்பார் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வேறொருவருக்குப் பின்னால் பீகார் இருந்திருக்காது. கார்னிஷின் வாதம் இன்னும் கொஞ்சம் ஓங்கி ஒலித்திருக்கும். பக்கிங்காமின் கை இன்னும் கொஞ்சம் பலப்பட்டிருக்கும். பீகாரின் அனுபவத்தை வைத்து “இது போதாது, எனக்குத் தெரியும்” என்று சொல்ல அந்த சர்வீஸிலேயே மிகத் தகுதியானவர் அவர்தான். அவர் அந்தத் தகுதியை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்தார். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சில மாதங்களுக்குள் சென்னை அரசாங்கம் கார்னிஷ் கேட்டதில் பாதித் தூரம் இறங்கிவந்து, தானியத்தைக் கூட்டி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அதற்குள் உடம்புகள் விட்டுப்போயிருந்தன. 1877-ன் தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியது. காலராவும் காய்ச்சலும் முகாம்களில் புகுந்தன. பிழைக்க வழி தேடிக் குடும்பம் குடும்பமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். இரண்டு வருடப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். சேலம் மாவட்டத்தில் 1871-ல் இருந்த ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் வெகுவாகக் குறைந்திருந்தது.

டெம்பிள் 1880-ல் பம்பாய்ப் பதவியை விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார், தேர்தலில் நின்றார், முதலில் தோற்றார், 1885-ல் ஈவ்ஷாம் தொகுதியில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனார். இந்தியாவைப் பற்றியும் தன் வாழ்க்கையைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினார். 1902-ல் இறந்தார். அவர் சென்னையை விட்டுப் போன பிறகும் கார்னிஷ் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். கூலி எத்தனை ராத்தல், பருப்பு எவ்வளவு, முகாமில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று. பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்து, பஞ்சகால விதிமுறைகள் எழுதப்பட்டபோது, உழைப்பவனுக்கு எவ்வளவு சோறு என்பது அதிகாரியின் மனப்போக்குக்கு விட முடியாத கேள்வியாகிவிட்டிருந்தது. தேனிக்காரர்கள் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைப்பது போல கார்னிஷுக்கு யாரும் எதுவும் வைப்பதில்லை. சேலத்திலாவது வைக்கலாம்.